சொட்டாத கசிவு

கொங்கு நாட்டில் ஒருவர் "காத்துப் புடிச்சுக்குச்சுங்க" என்று சொன்னால் உடனே சுக்குக் கஷாயத்தைத் தேடிவிடக் கூடாது. அவர் தன் முதுகைப் பற்றிப் பேசலாம். கிணற்று மோட்டாரைப் பற்றிப் பேசலாம். தோட்டத்து டிராக்டரைப் பற்றியும் பேசலாம். மூன்றிலும் விஷயம் ஒன்றுதான். இருக்கக் கூடாத இடத்தில் காற்று போய் உட்கார்ந்துகொண்டு, நடக்க வேண்டிய வேலையை நடக்கவிடாமல் செய்கிறது.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. டீசல் வண்டியின் எரிபொருள் குழாயில் காற்று எப்படி நுழைகிறது, அதை நம் ஊர் மேஸ்திரிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது. நான் மெக்கானிக் அல்ல. அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியே ஓய்வு பெற்றவன். அதில் சில வருடங்கள் வாகனப் பிரிவு. லாக் புக், டீசல் பில், பழுது பார்ப்பு மதிப்பீடு எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிழைத்தது கோயமுத்தூரில், தமிழிலும் ஆங்கிலத்திலும். இந்த மூன்று மொழியும் ஒரு வாஷர் அளவு விஷயத்தில் எப்படி வேறுபட்டு நின்றன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கிணற்றடிப் பாடம்

நம் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காத வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கும். கிணற்று மேட்டில் இருக்க வேண்டிய மோட்டார் அறை, கிணற்றுக்குள்ளே பாதி ஆழத்தில், பாறையைக் குடைந்த ஒரு திட்டில் இருக்கும். காரணம், உறிஞ்சும் பம்ப் எதுவானாலும் தண்ணீரை ஒரு அளவுக்கு மேல் தூக்காது.

பள்ளியில் எங்களுக்குப் பாஸ்கல் பாடம் இருந்தது. பிரெஞ்சு மாணவர்களுக்கு பாஸ்கல் என்றால் நமக்கு ராமானுஜன் மாதிரி. 1648ல் அவர் தன் மைத்துனரைப் புய்-த-தோம் என்ற மலை மேல் பாதரசக் குழாயோடு ஏறச் சொன்னார். மலை உச்சியில் பாதரசம் இறங்கியது. காற்றுக்கும் எடை உண்டு, உயரே போனால் அந்த எடை குறையும் என்று அதில் தெளிவானது. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. பம்ப் உள்ளே வெற்றிடம் உண்டாக்குகிறது, வெளியே இருக்கும் காற்றின் எடைதான் தண்ணீரைத் தள்ளி மேலே அனுப்புகிறது. அந்த எடையால் தள்ள முடிந்த உயரம் சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 6, 7 மீட்டர்தான். நூறு அடிக் கிணற்றில் என்ன செய்வது? பம்பைக் கீழே இறக்க வேண்டியதுதான்.

நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த இந்தப் பாடத்தை, எழுதப் படிக்கத் தெரியாத கவுண்டர்கள் கிணற்றடியிலேயே கற்றிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னை மாகாணத்தில் கிணற்றுப் பாசனத்துக்கு ஆயில் எஞ்சின் பம்புகளைப் பரப்ப முயன்றார். கவலை ஓட்டிய மாடுகள் இருந்த இடத்துக்கு மெல்ல மெல்ல எஞ்சின் வந்தது. பிறகு 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் தி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். எஞ்சினோ மோட்டாரோ, பம்ப் ஒன்றுதான். அதன் நோயும் ஒன்றுதான். உறிஞ்சு குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பம்ப் சும்மா சுற்றும், தண்ணீர் வராது.

அதற்கு விவசாயி வைத்தியமும் வைத்திருந்தார். ஃபுட் வால்வ் சரியாக மூடவில்லை என்றால் சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றுவார். இணைப்பில் காற்று இழுத்தால் களிமண்ணைப் பிசைந்து அப்புவார். குழாய்க்குள் வெற்றிடம் இருப்பதால் களிமண் தானாகவே ஓட்டைக்குள் இழுபட்டு அடைத்துக்கொள்ளும். அந்த ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே வராது என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து காற்றுதான் உள்ளே போகும். குழாய் காய்ந்தே இருக்கும். இந்த ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரை முழுவதும் நம்மோடு வரப் போகிறது.

பாரிஸில் பிறந்தவர்

ஆயில் எஞ்சினின் பெரிய வடிவத்தைக் கண்டவர் ருடால்ஃப் டீசல். ஜெர்மானியர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர் பிறந்தது பாரிஸில், 1858 மார்ச் 18ல். பெற்றோர் பவேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பையன் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து நல்ல பெயர் வாங்கினான். 1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன் குடும்பங்கள் வெளியேற வேண்டி வந்தது. லண்டனுக்குப் போய், அங்கிருந்து ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்குப் பையன் அனுப்பப்பட்டான். ஒரு மொழியில் படித்துவிட்டு இன்னொரு மொழியில் வாழப் போனவர்களுக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் சொந்தம் தோன்றும், எனக்குத் தோன்றியது.

1892ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897ல் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய எஞ்சின் முறையான சோதனையில் தேறியது. எரிபொருளில் இருக்கும் சக்தியில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்களுக்கு அதில் பாதி கிடைப்பதே அரிது. 1900ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. கடலைக் காடு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடித்த செய்தியாக இருக்கும். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போன கப்பலிலிருந்து டீசல் காணாமல் போனார். பின்னால் கடலில் உடல் கிடைத்தது.

இனி நம் விஷயம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானே எரியும். சிக்கல் தெளிப்பதில்தான். ஏற்கனவே அழுத்தத்தில் இருக்கும் காற்றுக்குள் டீசலைப் புகுத்த அதைவிட அதிக அழுத்தம் வேண்டும். அந்தக் காலத்தில் அத்தனை நுணுக்கமான பம்ப் செய்ய முடியவில்லை. எனவே டீசல் என்ன செய்தார் என்றால், தனியாக ஒரு கம்ப்ரசர் வைத்து, 60, 70 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்து, அந்தக் காற்றாலேயே எரிபொருளை ஊதி உள்ளே அனுப்பினார். முதல் டீசல் எஞ்சின்களில் எரிபொருளோடு காற்று சேர்வது நோய் அல்ல, அதுதான் முறையே.

ஆனால் அந்தக் கம்ப்ரசர் பெரிது, கனமானது. தொழிற்சாலையிலும் கப்பலிலும் வைக்கலாம்; லாரியில் எப்படி வைப்பது? அதனால் டீசல் எஞ்சின் முப்பது வருடம் போல சாலைக்கே வரவில்லை. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனம் 1922ல் இந்த வேலையைக் கையில் எடுத்து, 1927ல் இன்ஜெக்ஷன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. காற்று இல்லை, கம்ப்ரசர் இல்லை. டீசலை மட்டும் ஒரு பிளஞ்சர் தள்ளும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் டீசல் வந்தது அதனால்தான். அன்று முதல் எரிபொருள் குழாயில் காற்று எதிரியாயிற்று.

ஏன் எதிரி?

கணக்கு எளிது. பழைய மாதிரி பம்பில் நாசில் திறக்க ஏறக்குறைய 175 முதல் 250 பார் அழுத்தம் வேண்டும். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 7 பார் சுமார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை தெளிக்கும் டீசலின் அளவோ ஒன்றிரண்டு பாசிப்பயறுக்குமேல் இருக்காது. டீசல் திரவம், 200 பார் அழுத்தினாலும் நூற்றில் ஒன்று போலத்தான் சுருங்கும். ஆகவே பிளஞ்சர் தள்ளியவுடன் மறுமுனையில் நாசில் திறந்துவிடும். அந்த இடத்தில் ஒரு கடுகளவு காற்றுக் குமிழ் இருந்தால்? பிளஞ்சரின் உழைப்பெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். நாசில் திறக்காது. பிளஞ்சர் பின்வாங்கும்போது குமிழ் மறுபடி பழைய அளவுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த சுற்றும் அப்படியே. எஞ்சின் இருமும், தடுமாறும், நிற்கும்.

நம் ஊர் டிரைவர்கள் "ஏர் லாக்" என்று சொல்வது இதைத்தான். பிரெஞ்சில் பம்ப் இப்படி ஆகிவிட்டால் ஒரு சொல் உண்டு: தெசாமோர்ஸே. தூண்டிலில் இரை போனது போல என்று பொருள். காற்றை வெளியேற்றுவதற்குப் பூர்ஜே என்பார்கள். வயிற்றுக்குப் பேதி கொடுப்பதற்கும் அதே சொல்தான். காரணமும் ஒன்றே: உள்ளே இருக்கக் கூடாததை வெளியே அனுப்புவது.

கோவைக்கு வந்த டீசல்

1920ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அப்போது பெட்ரோல் காலம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்தபோது, பஸ்ஸுக்குப் பின்னால் உலையைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கரி பஸ் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதிலும் உலையிலிருந்து வாயுவை இழுப்பது எஞ்சின்தான். குழாய் இணைப்பில் எங்காவது சந்து இருந்தால் வாயு வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே போய் வாயுவின் பலத்தைக் கெடுக்கும், வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும். கிணற்றடிப் பாடம் சாலைக்கு வந்தது இந்தக் கரி பஸ்களில்தான் என்பது என் எண்ணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1951ல் போஷ் கூட்டுறவோடு பெங்களூரில் மைகோ தொடங்கியது. நாட்டிலேயே இன்ஜெக்ஷன் பம்ப் தயாரானது. 1954ல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வந்தது. 1955ல் சென்னை எண்ணூர் கம்பெனி அசோக் லேலண்ட் ஆயிற்று. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்களாயின. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட இந்தியா முழுக்கப் போயின. 1972ல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. ஊருக்கு ஊர் டிப்போ, டிப்போவுக்கு டிப்போ பம்ப் செக்‌ஷன். தோட்டத்தில் கிணற்று பம்ப் பிரித்துப் பழகிய பையன்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அவர்கள் கை வைத்த வண்டிகள் போக வேண்டியிருந்த சாலைகளைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஏற்றத்தில்தான் எஞ்சின் முழு டீசலும் கேட்கும். ஃபீட் பம்ப் பலமாக உறிஞ்சும். சமதரையில் மறைந்திருந்த சந்து அங்கேதான் காற்றை இழுக்கும். வண்டியும் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் டேங்க்கில் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கும். நடு ராத்திரி திம்பத்தில் வண்டி நின்றால் கிளீனர் பையன் கட்டையை எடுத்துக்கொண்டு குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் போட வேண்டும். யானை நடமாடும் காடு. பஸ்ஸுக்குள் பச்சைக் குழந்தையோடு ஆட்கள். அந்த நேரத்தில் டிரைவருக்கு ஸ்பேனரும் அடிபம்பும்தான் துணை.

கசிவுக்கு இரண்டு பெயர்

முறையைச் சொல்கிறேன். டேங்க்கிலிருந்து டீசல் வரும் வழி இது: டேங்க்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாய், அங்கிருந்து ஃபீட் பம்ப், பிறகு ஃபில்டர், பிறகு இன்ஜெக்ஷன் பம்ப், பிறகு உயர் அழுத்தக் குழாய்கள் வழியாக நாசில். ஃபீட் பம்ப்தான் இதில் எல்லைக் கல். அதற்கு முன்னால் எல்லாம் உறிஞ்சும் பக்கம். அதற்குப் பின்னால் எல்லாம் தள்ளும் பக்கம்.

தள்ளும் பக்கத்தில் சந்து இருந்தால் டீசல் வெளியே சொட்டும். கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், புழுதி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். உறிஞ்சும் பக்கத்தில் சந்து இருந்தால் வண்டி ஓடும்போது எதுவும் வெளியே வராது. காற்று மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போகும். இடம் காய்ந்து, சுத்தமாக இருக்கும். வண்டியை நிறுத்திவைத்தால் குழாயில் இருக்கும் டீசல் அந்தச் சந்து வழியாகக் காற்றை விட்டுக்கொண்டு டேங்க்குக்கே திரும்பிப் போய்விடும். காலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, பம்பில் மிச்சமிருந்த டீசல் தீர்ந்ததும் அணைந்துவிடும்.

பிரெஞ்சு மெக்கானிக் இந்த இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்திருக்கிறார். வெளியே ஒழுகினால் ஃபுயீத். தப்பி ஓடுவது என்று பொருள். உள்ளே காற்றை இழுத்தால் ப்ரீஸ் தேர், காற்றை எடுத்துக்கொள்வது. நம் கொங்கு மேஸ்திரியும் அப்படித்தான்: "ஒழுகுது" என்பது ஒன்று, "காத்து இழுக்குது" என்பது வேறு. ஆங்கிலத்தில் எழுதும் அரசுக் கோப்பில் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல், லீக்கேஜ். 1980களில் மகிந்திரா ஜீப்களில் பெஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 என்ற 2112 சி.சி. டீசல் எஞ்சின் வந்தது. பிரெஞ்சு எஞ்சின் என்ற ஆசையில்தான் நான் இந்தச் சொற்களையெல்லாம் தேடிப் படித்தேன். அது இன்னொரு விதத்தில் உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

தேடும் விதத்தைப் பழைய மேஸ்திரிகளிடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதலில் ஃபில்டர் மேல் இருக்கும் பிளீடர் ஸ்குரூவைத் தளர்த்தி அடிபம்பை அடிப்பார்கள். நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வந்தால், வந்துகொண்டிருக்கும்போதே ஸ்குரூவை மூடுவார்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப் ஸ்குரூவில் அதே வேலை. எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்கவில்லை என்றால், பழைய காற்று இல்லை அது, புதிதாக வந்துகொண்டிருக்கிறது. அதாவது சந்து உறிஞ்சும் பக்கத்தில்.

இனி எந்த இடம்? இங்கேதான் புத்தி வேலை செய்யும். ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன ஹோஸைப் போட்டு, சுத்தமான டீசல் இருக்கும் கேனில் அதன் முனையை விடுவார்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் ஃபீட் பம்பிலிருந்து நாசில் வரை குற்றமில்லை. குற்றவாளி பின்னால் இருக்கிறான். பிறகு கேனை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னுக்குக் கொண்டுபோவார்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் தடுமாற்றம் திரும்ப வருகிறதோ அந்த இடத்துக்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. சந்தேகம் இருந்தால் நடுவில் ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாயைப் பூட்டிக் குமிழ் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகப்பட்ட இணைப்பில் கிரீஸையோ சோப்பையோ அப்பி, எஞ்சின் சத்தம் சீராகிறதா என்று காது கொடுப்பார்கள். கிணற்றுக் குழாயில் களிமண் அப்பியது நினைவுக்கு வருகிறதா?

பெரும்பாலும் அகப்படுவது சின்னப் பொருள்தான். பேஞ்சோ போல்ட்டுக்கு அடியில் இருக்கும் தாமிர வாஷர்; ஒருமுறை இறுக்கியதைக் கழற்றி மறுபடி போட்டால் கெட்டிப்பட்டுச் சரியாகப் படியாது. புதிது இல்லாத ஊரில் வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆற்றி, இளக்கிப் போடுவார்கள். அடுத்தது, வெயிலிலும் சூட்டிலும் விறைத்துப்போன ரப்பர் ஹோஸ். அடுத்தது, அடிபம்பின் தேய்ந்த சீல். காற்றே இல்லாமல் காற்றுப் போல நடிக்கும் நோயும் உண்டு. டேங்க் மூடியில் காற்று போக வைத்திருக்கும் சின்ன துவாரம் புழுதியில் அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. மூடியைத் திறக்கும்போது உஸ் என்று சத்தம் வந்தால் இதுதான்.

லாக் புக் சொன்ன சாட்சி

எங்கள் அலுவலகத்தில் ஒரு டீசல் ஜீப் இருந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஜீப் எந்தக் கம்பெனி என்பதும் வேண்டாம். அது அதிகாரி முகாம் போகும்போதெல்லாம் வழியில் நின்றது. பம்பைக் கழற்றி இரண்டு முறை சரிபார்த்தார்கள். இரண்டு முறையும் பில் என் மேஜைக்கு வந்தது. ஒர்க் ஷாப்பிலிருந்து வரும் அறிக்கையில் ஒரே வாசகம்: எரிபொருள் கசிவு எதுவும் காணப்படவில்லை, வண்டி நல்ல நிலையில் உள்ளது. வண்டி நல்ல நிலையில் இருந்தால் குற்றம் யாருடையது? டிரைவருக்கு மெமோ போனது. டீசலில் எதையோ கலக்கிறார், மீதியை விற்கிறார் என்று பேச்சு. ஊதிய உயர்வை நிறுத்திவைக்கும் அளவுக்குக் கோப்பு தடித்தது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். "வண்டி என்னமோ சொல்லுதுங்க சார், எனக்குத்தான் புரிய மாட்டேங்குது" என்று என்னிடம் வந்து நின்றார்.

எங்கள் தெருவில் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மேஸ்திரி இருந்தார். அவரிடம் சொன்னேன். அவர் பம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏனுங்க, டேங்க்குல எத்தன டீசல் இருக்கறப்ப நிக்குதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பதில் என் மேஜையில் இருந்தது. அரசு லாக் புக்கில் ஒவ்வொரு நாளும் நிரப்பியது, ஓடியது, இருப்பு எல்லாம் எழுத வேண்டும். வண்டி நின்ற நாட்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அன்றைய டீசல் இருப்பை எழுதினேன். எல்லா நாளிலும் டேங்க் பாதிக்குக் கீழே. பாதிக்கு மேல் இருந்தபோது ஒரு நாள்கூட நின்றதில்லை. பழுது பார்த்து வந்ததும் டேங்க்கை நிரப்பிச் சோதனை ஓட்டம் பார்த்துச் சான்று எழுதுவது வழக்கம். நிரம்பிய டேங்க்கில் அந்த வண்டி எப்போதும் தேறும்!

தாளைப் பார்த்துவிட்டு மேஸ்திரி சிரித்தார். "குழாய் டேங்க்குக்குள்ளயே காத்து இழுக்குதுங்க. டீசல் மேல வரைக்கும் இருந்தா ஓட்டையும் டீசலுக்குள்ள முங்கிக் கெடக்கும், டீசலத்தான் இழுக்கும். டீசல் எறங்கி ஓட்டை வெளிய வந்துச்சுன்னா காத்த இழுக்கும்."

டிரைவர் தன் விளக்கக் கடிதத்தோடு அந்தத் தாளையும் இணைத்தார். லீக்கேஜ் இல்லை என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை, வெளியே ஒழுகும் கசிவு இல்லைதான், உள்ளே இழுக்கும் கசிவு வேறு என்று நான் குறிப்பில் விளக்கி எழுதினேன். அதிகாரி நியாயமான மனிதர். டேங்க்கைத் திறக்கச் சொன்னார். உறிஞ்சு குழாயை உருவி எடுத்தபோது, அதன் நடுப்பகுதியில், அதிர்ச்சியில் விட்டுப்போன மயிரிழை விரிசல். பற்றவைத்துப் பூட்டினார்கள். செலவு, முந்தைய பில்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாத அளவு சிறியது. "மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது" என்ற உத்தரவை நானே தட்டச்சு செய்தேன். அந்த டிரைவர் பல வருடம் கழித்து முழுப் பணிக்கொடையோடு ஓய்வு பெற்றார்.

இன்றைய வண்டிகள்

1997க்குப் பிறகு காமன் ரெயில் என்ற புதிய முறை வந்தது. இப்போது நாம் வாங்கும் டீசல் கார், பஸ் எல்லாம் அதுதான். அதில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். 2000 வரைகூடப் போகும். பழைய பழக்கத்தில் எஞ்சின் ஓடும்போது நாசில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்க யாரும் முயல வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே இழக்க நேரிடலாம். பல புது வண்டிகளில் காற்றை எடுக்க டேங்க்குக்குள்ளேயே மின் பம்ப் இருக்கிறது. அந்த வண்டிகளை அதற்குரிய ஆட்களிடம்தான் விட வேண்டும்.

ஆனால் உங்கள் தோட்டத்தில் பழைய டிராக்டரோ, ஷெட்டில் ஆயில் எஞ்சினோ, உறவினரிடம் பழைய லாரியோ இன்னும் இருக்கும். அது காலையில் ஸ்டார்ட் ஆகி அணைந்தால், பம்பைக் கழற்றி அனுப்புவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, டேங்க்கில் டீசல் எவ்வளவு இருந்தபோது நின்றது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு, ஈரமான இடத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். பம்ப் கழற்றும் செலவு பெரிது. ஒரு தாமிர வாஷரின் விலை ஒரு டீயின் விலைதான்.

வாசகர்களில் யாராவது கரி பஸ்ஸில் ஏறியவர்களோ, அதன் உலைக்குக் கரி போட்டவர்களின் பிள்ளைகளோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். குழாய் இணைப்பை எதை வைத்து அடைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. சாணியா, களிமண்ணா என்பதில் வீட்டில் ஒரு பந்தயம் நடக்கிறது.